நாலாம் நாள் சொல்பவர்

நான் அவருடைய பல்லை உடைத்தேன் என்பதை அவரேதான் எனக்குச் சொன்னார்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த மறுவாழ்வு இல்லம். குடியை நிறுத்த முடியாதவர்களைக் கொண்டுவந்து விடும் இடம். பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ்கள், வார்டைப் பார்த்துக்கொள்ள இவர். எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’தான். நான் அங்கே போய்ச் சேர்ந்த முதல் மூன்று நாட்கள் எனக்கு நினைவில் இல்லை. நாலாம் நாள் காலை கண்ணைத் திறந்தபோது, ஒரு ஸ்டீல் டம்ளரில் டீயோடு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலுக்கு இழுத்துப் போட்டு, அவருடைய முட்டி என் முட்டியில் இடிக்கும்படி உட்கார்ந்தார். மேலுதடு வீங்கியிருந்தது. முன்பல் ஒன்றைக் காணோம்.

“உன் பேரு இன்னா தம்பி?”

சொன்னேன்.

“இன்னிக்கி என்னா கெழமை?”

கொஞ்சம் யோசித்து வியாழன் என்றேன்.

“சரி, தெளிஞ்சிடுச்சி. இப்ப நான் சொல்றேன், நீ கேட்டுக்க. நடுவுல பேசாத.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஞாயித்துக்கெழமை மத்தியானம் உன் வீட்ல குக்கர் மூடிய எடுத்து உன் பொண்டாட்டி முதுகுல அடிச்சிருக்க. ஒரு தடவ இல்ல, நாலு தடவ. அவங்க குழாயடிக்கு ஓடியிருக்காங்க. பின்னாடியே போயி முடியப் புடிச்சி இழுத்திருக்க. ஒரு கொத்து முடி கையோட வந்துடுச்சி. தடுக்க வந்த உன் மச்சான் கையக் கடிச்சிருக்க. அவருக்கு ஆறு தையலு. திங்கக்கெழமை உன்ன இங்க கொண்டாந்தாங்க. ஊசி போடறதுக்கு நான் உன்னப் புடிச்சேன். தலையால முட்டின. இது விழுந்துச்சி.”

சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பல்.

“பொய்யி,” என்றேன். “நான் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல.”

“எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. அப்பிடிப்பட்ட ஆளு இல்லாதவன் செஞ்சதத்தான் நான் சொல்றேன். டீ ஆறுது, குடி.”

எழுந்து போய்விட்டார். அந்தக் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பதிலுக்கு நானும் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன விதத்தில், காலையில் யார் யாருக்கு என்ன மாத்திரை என்று நர்ஸிடம் ஒப்பிப்பதற்கு மேல் ஒரு சூடும் இல்லை. என் கைகளைப் பார்த்தேன். வலது கை நகத்துக்கு அடியில் ஏதோ கறுப்பாக உறைந்திருந்தது. மச்சானுடைய ரத்தமா, அவருடையதா, யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. டீயில் விரலை முக்கி அந்தக் கறுப்பைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். குட்டையான, உருண்டு திரண்ட உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. குளித்துவிட்டுத் துண்டோடு வந்தாரென்றால் அவர் உடம்பைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். தோளில் ஒரு பள்ளம், விலாவில் ஒரு தழும்பு, இடது காதின் நுனி இல்லை. யாராவது கேட்டால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்வார். “இது அரியாங்குப்பத்துக் கொத்தனாரு. பாவம், இப்ப நல்லாருக்காரு. இது ஒரு பேங்க்காரரு, பேனாவால குத்தினாரு. காது, ஒரு வாத்தியாரு.” சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

அடி வாங்குவதில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பின்னால் நகர மாட்டார். குடி நின்ற இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சிலருக்குச் சித்தம் கலங்கிப்போகும். இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், சுவரில் இருக்கும் ஆளோடு சண்டை போடுவார்கள். அந்த நேரத்தில் நர்ஸ்கள் கதவுக்கு வெளியே நிற்பார்கள். இவர் மட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் போய் நிற்பார். அடி விழும். பிடித்துக்கொள்வாரே தவிர ஒருநாளும் திருப்பி அடித்ததில்லை. தடுக்கக்கூடக் கையைத் தூக்க மாட்டார். “கொஞ்சம் தள்ளி நின்னா என்ன?” என்று நர்ஸ் திட்டினால், “வேற யார அடிப்பான் அவன்? எதுத்தாப்புல நான்தான இருக்கேன்” என்பார்.

பிறகு அந்த ஆள் தெளிகிற வரை காத்திருப்பார். நாலாம் நாள் காலை டீயோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் என்ன செய்தான் என்பதை முழுசாகச் சொல்வார். வீட்டில் செய்ததை மனைவி, அம்மா, அண்ணன், தம்பி எல்லோரிடமும் விசாரித்து வைத்திருப்பார். ஒரு வார்த்தை கூட்ட மாட்டார், ஒரு வார்த்தை குறைக்க மாட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு மண்டையை வரைந்து எங்களுக்குப் பாடம் நடத்துவார். டாக்டரம்மாவிடம் பல வருடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது.

“சரக்கு வயித்துலேர்ந்து ரத்தத்துக்குப் போவுது. கல்லீரல் அத ஒடைக்குது. ஒடைச்சா என்னா வருது? அசிட்டால்டிஹைடுன்னு ஒண்ணு. அது சரக்க விட மோசமான விஷம். காலைல கொமட்டுதே, மூஞ்சி சூடாவுதே, நெஞ்சு அடிச்சிக்குதே, அதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. கல்லீரல் அதையும் ஒடைச்சி வெளிய தள்ளிடும். ஆனா கொஞ்சம் சரக்கு மூளைக்குள்ளயே ஒடையுது. அங்கயே அந்த விஷம் உண்டாவுது. மூளைல டோபமைன்னு ஒண்ணு இருக்கு. நல்ல சோறு, புள்ளையோட சிரிப்பு, எதைப் பாத்தாலும் ‘இது நல்லாருக்கு, திரும்ப வேணும்’னு சொல்றது அதான். இந்த விஷம் போயி அதோட ஒட்டிக்கிது. ரெண்டும் சேந்து மூணாவதா ஒண்ணு பொறக்குது. அது அபினி மாதிரி வேலை செய்யுதாம். எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. எலி திரும்பத் திரும்ப அதையே தேடிப் போவுதாம். மனுஷனுக்கு எவ்ளோன்னு இன்னும் அடிச்சிச் சொல்ல முடியலன்னு டாக்டரம்மா சொல்றாங்க. எனக்குச் சந்தேகமே இல்ல. நான் அந்த எலி.”

யாரும் சிரிக்க மாட்டோம்.

“தெனமும் ஊத்தினா அந்த எடம் மரத்துப் போவும். அப்புறம் சோறு இனிக்காது. புள்ள வந்து மடில உக்காந்தாலும் ஒண்ணும் தெரியாது. சரக்கு ஒண்ணுதான் தெரியும். அதுவும் சந்தோஷத்துக்கு இல்ல. அது இல்லாட்டி நரகம், அதுக்காவத்தான்.”

மூலக்குளத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்த மோட்டாரின் உள்ளே பிசுபிசுவென்று கருகிய வார்னிஷ் வாடை அடிக்கும். அந்தச் சாக்பீஸ் மண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாடைதான் வரும்.

ஒருநாள் ஒருவர் கேட்டார்: “அப்ப தப்பு எங்க மேல இல்ல, மூளை மேலதான?”

“மூளை யாரோடது? பக்கத்து வீட்டுக்காரனோடதா?” என்றார் அண்ணன். “ஒண்ணு தெரிஞ்சிக்கங்க. நெறைய குடிச்சா நடக்கறது எதுவும் மூளைல பதியறதில்ல. மறந்துபோனா ஒருநாள் ஞாபகம் வரும். பதியாதத எங்கேர்ந்து தேடி எடுப்ப? பாத்தவங்க சொன்னாத்தான் உண்டு. யாரும் சொல்லலன்னா, நீ நல்லவன்னே நெனைச்சிக்கிட்டுச் செத்துப்போவ.”

சொல்வது எல்லோருக்கும் நல்லதாக முடியவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அந்தப் பென்ஷன்காரர்களை இங்கே சொல்தா என்போம். கைத்தடியால் அண்ணனை அடித்து, பிரெஞ்சில் அவருடைய பரம்பரையையே திட்டியவர். நாலாம் நாள் அண்ணன் போய், “மிசியே, நீங்க உங்க சம்சாரத்த மாடிப்படிலேர்ந்து தள்ளிட்டீங்க. இடுப்பெலும்பு ஒடைஞ்சிருக்கு. இனிமே நடக்க மாட்டாங்க” என்றார். பெரியவர் நல்ல கையெழுத்தில் மூன்று பக்கத்துக்கு டாக்டரம்மாவிடம் புகார் எழுதிக் கொடுத்தார், பிரெஞ்சிலேயே. டாக்டரம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அண்ணனே படித்து, தன்மேல் இருந்த புகாரைத் தமிழில் சொன்னார். மிஷன் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்.

இன்னொருவர் நகைப்பட்டறையில் வேலை செய்தவர். மெதுவாகப் பேசுகிற மனிதர். போதையில் தன் அம்மாவின் கையை உலையில் காட்டிச் சுட்டிருந்தார். அதை அண்ணன் சொன்ன அன்று மதியமே, அவர் ஜன்னல் கம்பியில் வேட்டியால் தூக்குப் போட்டுத் தொங்கினார். அண்ணன்தான் முதலில் பார்த்தது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். நாங்கள் ஓடிப்போய் அறுத்து இறக்கினோம். உயிர் இருந்தது.

டாக்டரம்மா எங்கள் எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கிழித்துவிட்டார். “உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது? சொல்றதுக்கு ஒரு நேரம் இருக்கு, ஒரு முறை இருக்கு. அவங்க தாங்குற நிலைமையில இருக்காங்களான்னு பாத்து நான் சொல்வேன். இனிமே நீங்க வாயத் தெறந்தா வேலைக்கு வர வேணாம்.”

தலையாட்டினார். அடுத்த வாரம் வந்தவருக்கு நாலாம் நாள் காலை மறுபடியும் டீ கொண்டுபோனார்.

எனக்கே பொறுக்கவில்லை. “ஏண்ணே, ஒரு உயிர் போவப் பாத்துதே?” என்றேன்.

“சொல்லலன்னாலும் போயிடும் தம்பி. மெதுவாப் போவும். கூட இருக்கறவங்க உயிரயும் எடுத்துக்கிட்டுப் போவும்.”

“நீங்க சொன்னதாலதான அவரு தொங்கினாரு?”

அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினார். அன்று அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஆள் எங்களைக் குணப்படுத்துகிறாரா, இல்லை பழிவாங்குகிறாரா என்று தோன்றியது.

நான் வெளியே வந்த பிறகும் செவ்வாயும் சனியும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். மின்விசிறி, மோட்டார், விளக்கு ஏதாவது பார்த்துக் கொடுப்பேன். என் மனைவி செல்வி ஒன்றரை வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்பினாள். இப்போதும் நான் குக்கர் மூடியைக் கையில் எடுத்தால் ஓர் அடி பின்னால் போகிறாள். அவளுக்கே தெரியாமல் போகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் கோயிலுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவியை அதுவரை இல்லத்தில் நடக்கும் ஜபக் கூட்டத்தில் தூரத்தில்தான் பார்த்திருந்தேன். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது கண் இல்லை. இமை உள்ளே ஒட்டிப்போயிருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“அவரு சொன்னதில்லியா? எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்றவரு, இத மட்டும் சொல்ல மாட்டாரு,” என்று ஆரம்பித்தார்.

இல்லத்து வேலைக்கு வருவதற்கு முன் அண்ணன் டவுனில் ஒரு பாரில் சப்ளையர். குடிக்கத் தடையே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், குழம்பில் உப்பு இல்லை என்று பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார். பக்கிள் கண்ணில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் அடித்திருக்கிறார். அடித்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டார். எழுந்து பார்த்தால் மனைவி முகமெல்லாம் ரத்தம்.

“என்னாச்சின்னு கேட்டாரு. குழாயில இடிச்சிக்கிட்டேன்னு சொன்னேன். அடிச்சதே அவருக்குத் தெரியலப்பா. நெஜமாத் தெரியல. ஐயோ ஐயோன்னு அழுதுகிட்டு என்னத் தோள்ல தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. கண்ணு போச்சின்னு டாக்டர் சொன்னதும், வீட்டுக்கு வந்து சுத்தியல எடுத்து அந்தக் குழாய அடிச்சி ஒடைச்சாரு. என் பொண்டாட்டி கண்ணப் புடுங்கின குழாயின்னு கத்திக் கத்தி ஒடைச்சாரு. தெருவெல்லாம் தண்ணி.”

“நீங்க சொல்லவே இல்லியாக்கா?”

“சொல்லி? பயம்தான். மூணு வருஷம். வருஷா வருஷம் ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவாரு. சாமியார்கிட்ட, குடிச்சேன், பொய் சொன்னேன்னுல்லாம் சொல்வாரு. இத எப்பிடிச் சொல்வாரு? தெரிஞ்சாத்தான?”

ஒருநாள் மறுபடி அவர் கையை ஓங்கியபோது, பன்னிரண்டு வயது மகள் நடுவில் வந்து நின்று சொல்லியிருக்கிறாள்: “அம்மா கண்ணு குழாயில இடிக்கல. நீதான் பெல்ட்டால அடிச்ச. நான் கட்டிலுக்கு அடியிலேர்ந்து பாத்தேன்.”

“ஓங்கின கை அப்பிடியே நின்னுச்சி. அப்புறம் என்ன எதுத்தாப்புல உக்கார வெச்சி, கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் செஞ்சத எல்லாம் சொல்லுன்னாரு. மூணு நாளு சொன்னேன். வேலைக்குப் போவல, சாப்புடல, குடிக்கல. கை கால் ஒதறுது, வாயில நொரை தள்ளுது, இன்னும் சொல்லு சொல்லுன்னாரு. அதோட சரி. ஒரு சொட்டுத் தொட்டதில்ல.” சேலை முனையால் அந்த ஒட்டிய இமையைத் துடைத்துக்கொண்டார். “குடி போச்சி. ஆனா அன்னியிலேர்ந்து அவரு நல்லாத் தூங்கி நான் பாக்கலப்பா. பொண்ணும் பேசறதில்ல. வில்லியனூர்லதான் கட்டிக் குடுத்திருக்கு. பேரப்புள்ளையக் கையில குடுக்க மாட்டா.”

போன ஐப்பசியில் நோணாங்குப்பத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முப்பத்திரண்டு வயது. மீன் வண்டி ஓட்டுகிறவர். மனைவியும் மூன்று வயதுப் பெண்குழந்தையும் உண்டு. முதல் இரண்டு நாள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு நான் அதே அறையில் ஏணிமேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். யாரோ டீயைக் கொட்டிவிட்டதால் அண்ணன் முதுகைக் காட்டிக் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி ஏறுது,” என்றார் நோணாங்குப்பத்துக்காரர். கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

அண்ணன் துணியை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி அலசினார்.

“புள்ளைய விடுடா! டேய், புள்ளைய விடுடா!”

நான் திரும்புவதற்குள் குளுக்கோஸ் மாட்டும் இரும்பு ஸ்டாண்டு நோணாங்குப்பத்துக்காரர் கையில் இருந்தது. முதல் அடி தோளில். “மூச்சு முட்டுதுடா அவளுக்கு!” இரண்டாவது அடி பின்மண்டையில். தேங்காயைச் சிமெண்ட் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். ஏணியிலிருந்து குதித்து அவரைப் பிடித்தேன். என் கழுத்தை நெரித்தார். அவருடைய கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முட்டியால் அழுத்தி, ஒடியட்டும் என்றே முறுக்கினேன்.

“கைய முறுக்காத தம்பி, ஒடிஞ்சிடும்.” அண்ணன் ரத்தத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். “அவனுக்கு அந்தக் கை வேணும்.”

நாலு தையல் போட்டார்கள். உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. நாளைக்கு, நாளைக்கு என்றார் அண்ணன். மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தார்; நோணாங்குப்பத்துக்காரருக்கு அன்றும் தெளியவில்லை. அடிபட்டு மூன்று நாள் கழித்துச் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை, பேச்சு குழறியது, வாந்தி எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்படி அடிபட்டது என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போலீஸ்காரர் போனதும், “நீங்களே பொய் சொல்றீங்களே அண்ணே?” என்றேன்.

“கேஸு போட்டா உள்ள போவான். வெளிய வந்ததும் நேரா கடைக்குப் போவான்.” ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்துத்தான் சொல்ல முடிந்தது. “இன்னிக்கி அவனுக்கு எத்தினாவது நாளு?”

“ஆறு.”

“நாளு தாண்டிடுச்சே. நீ சொல்லிடு.”

“நானா?”

“முட்டிக்கு முட்டி உக்காந்து சொல்லு. கோவமாச் சொல்லாத. நான் புள்ளையத் தண்ணில அமுக்கறேன்னு நெனைச்சித்தான் அடிச்சான். அத விட்டுடாத. அதையும் சேத்துச் சொன்னாத்தான் அது முழுசு.”

மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் இறந்துபோனார். அடக்கத்துக்கு, தழும்புகளைத் தொட்டு அவர் பட்டியல் போட்டுச் சொல்வாரே, அவர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பெட்டிமேல் மண் போட வரிசையில் நின்றார்கள். மகளும் வந்தாள். அழவில்லை.

கல்லறையிலிருந்து நேராக இல்லத்துக்குப் போனேன். நோணாங்குப்பத்துக்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நன்றாகத் தெளிந்திருந்தார். “வாங்கண்ணே. அந்தப் பெரிய அண்ணன ரெண்டு நாளாக் காணமே, லீவா?” என்று கேட்டார். அந்தத் தட்டைப் பிடுங்கி அவர் வாயிலேயே அறைய வேண்டும்போல் இருந்தது. அந்த ஏணியை எடுத்து, அதே இடத்தில், அதே பின்மண்டையில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. நான் குடித்திருக்கவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லாமல் எனக்கு அப்படித் தோன்றியது. கோபமில்லாமல் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் திரும்பி வந்துவிட்டேன்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “இது வெளிய தெரியக் கூடாது. அவர் இப்ப தாங்க மாட்டார்” என்றார். அண்ணனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்ன மாதிரியே அவரும் ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அது அப்பிடியே இருக்கட்டும்பா. தெரிஞ்சிக்கிட்டு அவரு பட்டது போதும். சின்னக் கொழந்த வெச்சிருக்கானாம். சொல்லாத” என்றார். சரி அக்கா என்றேன். எனக்கும் அதுதான் சுலபமாக இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வராந்தாவில் ஸ்விட்ச் போர்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“அண்ணே, வஞ்சிரக் கருவாடு. என் சம்சாரத்த எடுத்துட்டு வரச் சொன்னேன். அந்தப் பெரிய அண்ணனுக்கு. அவரு வீடு எங்கன்னு சொன்னா நானே போயிக் குடுத்துட்டுப் போறேன். யாரக் கேட்டாலும் வழி சொல்ல மாட்டேங்கறாங்க. மொத ரெண்டு நாளு எனக்கு வாயத் தொடச்சி விட்டது அவருதான், அது மட்டும் லேசா ஞாபகம் இருக்கு.”

அந்தப் பொட்டலத்தோடு அவர் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த ஒற்றைக் கண் அவரைப் பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். பிறகு வராந்தா பெஞ்சில் அவரை உட்கார வைத்து, எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொன்னேன். கொட்டிய டீ, வாளி, ஸ்டாண்டு, தோளில் ஒன்று, மண்டையில் ஒன்று, ஆறாம் நாள் ஆஸ்பத்திரி, ஏழாம் நாள் சாவு. “உங்க பொண்ண அவரு தண்ணிக்குள்ள அமுக்கறதா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் அடிச்சீங்க. இத உங்ககிட்ட சொல்லச் சொன்னதே அவருதான்.”

“பொய்யி.”

“இல்ல.”

“யாருகிட்டடா கத வுடற?” என் வாயில் குத்தினார். ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். மேலே ஏறி இன்னும் இரண்டு குத்து. உதடு கிழிந்து ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. என் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. அதை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையைத் தரையோடு வைத்துக்கொண்டேன். “இரும்பு ஸ்டாண்டுங்க,” என்றேன். “ரெண்டு அடி. நான் ஏணி மேலேர்ந்து பாத்தேன்.”

நாலாவது குத்து விழவில்லை. என் மேலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. கருவாடு வராந்தா முழுவதும் சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எந்தக் கையால அடிச்சேன்?”

“வலது கை.”

அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் தன் முழு எடையையும் வைத்து உட்கார்ந்துகொண்டார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி, “வாங்க, நேரமாவுது” என்று கூப்பிட்டார்.

“வண்டிய அனுப்பிடு,” என்றார் அவர், வாசல் பக்கம் திரும்பாமல். பிறகு என்னைப் பார்த்தார். “மொதல்லேர்ந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.”